கம்பி ஏன் வளைந்தபடியே நிற்கிறது?

சங்கிலியை மாட்டியதும் எஸ் கொக்கியைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் நம் வீடுகளில் பலருக்கு உண்டு. கழற்றும்போது நகத்தால் நெம்பித் திறப்பார்கள். முதலில் சொன்னபடி கேட்கும் கொக்கி, நாளாக ஆக விறைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் வழக்கமான பலத்துக்கே பட்டென்று உடையும். காலுக்குத் தகுந்தபடி அடிக்கடி விரித்தும் நெருக்கியும் போடும் வெள்ளி மெட்டிக்கும் இதே கதிதான். "ஆசாரி மட்டமான சரக்கைப் போட்டுவிட்டார்" என்று பழி சொல்வது சுலபம். பெரும்பாலும் அவர்மேல் குற்றமில்லை. கொக்கியை விறைக்கவைத்து உடைத்த அதே காரணம்தான், அதை முதலில் கொக்கியாக நிற்கவும் வைத்தது.

கம்பியை வளைத்து நகை செய்பவருக்கு இரண்டு தேவைகள். வளைக்கும்போது கம்பி இளகிக் கொடுக்க வேண்டும். வளைத்து முடித்த பிறகு அசையாமல் நிற்க வேண்டும். களிமண்ணைச் சூளையில் சுட்டு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். மரத்தில் செதுக்கினால் இந்தச் சிக்கலே எழாது. உலோகத்தில் மட்டும், வளைக்கும் செயலே இறுக்கும் செயலாகவும் இருக்கிறது. சுருள், வளையம், கொக்கி, பூவிதழ், சரிகைப் பின்னல் என்று கம்பியிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு வடிவமும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நிற்கிறது.

அணு வரிசையில் ஒரு பிழை

தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் அணுக்களை ஒரே முறையில் அடுக்கியிருக்கின்றன. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் அமர்ந்த அடுக்கு அது. இந்த அடுக்கில் அணுக்கள் நெருக்கமாகப் பதிந்த தளங்கள் நான்கு திசைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு தளமும் மூன்று வழிகளில் நழுவலாம். ஆக மொத்தம் 12 வழிகள். எந்தப் பக்கம் வளைத்தாலும் நழுவ ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடும். துத்தநாகத்தின் அணு அடுக்கு அறுகோண வகை. அதில் எளிதாக நழுவக்கூடிய தளம் ஒரு திசையில்தான் உண்டு. நகைக்கம்பி என்றதும் துத்தநாகம் யார் நினைவுக்கும் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தளங்கள் நழுவுகின்றன. அதற்கு எவ்வளவு விசை வேண்டும்? 1926-ல் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் ஃபிரெங்கெல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு தளத்து அணுக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அடுத்த தளத்தின்மேல் நகர வேண்டுமானால் தேவைப்படும் விசை, நிஜத்தில் தேவைப்படுவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக வந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், செம்புக் கம்பியை எந்தக் குறடாலும் வளைக்க முடியாது. ஆனால் குழந்தையின் விரலுக்கே அது வளைகிறது.

விடை 1934-ல் வந்தது. அதுவும் மூன்று பேரிடமிருந்து, தனித்தனியாக. இங்கிலாந்தின் ஜி. ஐ. டெய்லர், ஹங்கேரியில் பிறந்த எகான் ஒரோவான், மைக்கேல் பொலானி ஆகிய மூவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். உலோகத்தின் அணு வரிசை முழுமையானது இல்லை. அதற்குள் ஏற்கெனவே பிழைகள் இருக்கின்றன. ஒரு வரிசை பாதி வழியில் நின்றுபோய், அக்கம்பக்கத்து வரிசைகள் அந்த இடத்தில் நெளிந்து சேர்ந்திருக்கும். இந்தக் கோட்டுப் பிழைக்கு இடப்பிறழ்வு என்று பெயர்.

கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். முனையைப் பிடித்து மொத்தமாக இழுத்தால் நகராது. ஒரு ஓரத்தில் மடிப்பு ஒன்றை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் தன்னால் நகர்ந்திருக்கும். இடப்பிறழ்வும் அப்படியே தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்கிறது. எந்த நொடியிலும் ஒரு கோட்டில் உள்ள பிணைப்புகள் மட்டுமே மாறுவதால் சிறிய விசையே போதுமானதாகிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இது காகிதத்தில் மட்டும் இருந்த கருத்து. 1956-ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பீட்டர் ஹிர்ஷ், ராபர்ட் ஹார்ன், மைக்கேல் வீலன் ஆகியோர் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் கோடுகள் கண்ணெதிரே ஊர்வதையே கண்டார்கள். உலோகம் வளைவதற்குக் காரணம் அதன் குறைதான் என்பது உறுதியானது.

பிழை பெருகினால் இறுக்கம்

குறையால் வளைகிறது என்றால், குறை கூடக் கூட இன்னும் எளிதாக வளைய வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. வளைக்க வளைக்க இடப்பிறழ்வுகள் நகர்வதோடு பெருகவும் செய்கின்றன. வெவ்வேறு தளங்களில் ஊர்ந்துவரும் கோடுகள் ஒன்றின் குறுக்கே ஒன்று விழுந்து சிக்கிக்கொள்கின்றன. ஒரு கட்டத்தில் எதுவும் எளிதாக நகர வழியில்லை. கம்பி இறுகிவிட்டது என்பதன் பொருள் இதுதான்.

எண்களில் பார்த்தால் இந்தப் பெருக்கம் மலைக்கவைக்கும். நன்றாகச் சுட்டு இளக்கிய செம்பில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் இடப்பிறழ்வுக் கோடுகளை முனையோடு முனை சேர்த்தால் பத்து கிலோமீட்டரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர்வரை வரும். அதே செம்பை அடித்தும் இழுத்தும் கடுமையாக வேலை வாங்கிவிட்டால் அந்த நீளம் பத்து லட்சம் கிலோமீட்டரைத் தொடும். ஒரு கோடி கிலோமீட்டரையும் எட்டும். நிலவுக்கு இங்கிருந்து 3,84,000 கிலோமீட்டர்தான். சுண்டுவிரல் நுனி அளவு உலோகத்துக்குள் அவ்வளவு சிக்கல். இதனால் செம்பை வளைக்கத் தேவையான விசை நான்கைந்து மடங்கு கூடுகிறது.

இதைக் கையால் தொட்டே உணரலாம். செம்புக் கம்பியை நடுவில் ஒரு முறை கூர்மையாக மடித்துவிட்டு மறுபடி நிமிர்த்திப் பாருங்கள். மடித்த இடம் நேராகாது. அதன் இருபுறமும் உள்ள பகுதிதான் வளைந்து கொடுக்கும். நடுவில் ஒரு கோணல் முழங்கால் தங்கிவிடும். மடித்த இடம் இறுகிவிட்டது, பக்கத்து இடங்கள் இன்னும் இளக்கமாகவே இருக்கின்றன. விசை இளக்கமான இடத்தைத் தேடிப் போகிறது. கம்பி நகை செய்யக் கற்பவர்களிடம் "ஒரே முறையில் வளைத்துவிடு, திருத்தாதே" என்று சொல்வதன் அறிவியல் இவ்வளவுதான்.

எவ்வளவு இறுகும் என்பது வளைவின் கூர்மையைப் பொறுத்தது. 1 மி.மீ. கம்பியை 3 மி.மீ. தடிமனுள்ள குறடு முனையில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். கம்பியின் நடு அச்சு 2 மி.மீ. ஆரத்தில் வளைகிறது. வெளிப்பக்கம் அதற்கு அரை மில்லிமீட்டர் வெளியே, உட்பக்கம் அரை மில்லிமீட்டர் உள்ளே. ஆகவே வெளித்தோல் 25 சதவீதம் நீள்கிறது, உட்தோல் 25 சதவீதம் சுருங்குகிறது. சிறு வளையம் ஒன்றைச் சாதாரணமாகப் போடும்போதே உலோகம் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஆளாகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மாறி மாறி நீண்டு சுருங்குகிறது. நழுவல் ஒரு சில பட்டைகளில் குவிந்து, மேற்பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்களை உண்டாக்கும். அங்கே தொடங்கும் விரிசல்தான் உலோகக் களைப்பு.

கலப்பும் இறுக்கத்துக்கு உதவுகிறது. 916 என்று முத்திரையிட்ட 22 காரட் தங்கத்தில் 91.6 சதவீதம் தங்கம்; மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் வெள்ளி சேர்த்தால் தங்கம் அவ்வளவாக இறுகாது. செம்பு அணு தங்கத்தைவிட ஏறத்தாழ 11 சதவீதம் சிறியது. அது அமரும் இடத்தில் அணு வரிசை சற்றே குழிந்துவிடும். ஊர்ந்துவரும் இடப்பிறழ்வு அங்கே தடுக்கும். செம்பு கலந்த தங்கம் விறைப்பாக இருப்பது இதனால்தான். சொக்கத் தங்கத்தில் எஸ் கொக்கி செய்தால் அது ஒரு வாரம்கூடச் சங்கிலியைப் பிடித்து வைத்திருக்காது.

கம்பி இழுக்கும் கணக்கு

பட்டறைக்கு வரும் கம்பி ஏற்கெனவே நிறைய வேலை வாங்கப்பட்டது. வார்த்த வெள்ளித் தண்டை அடித்து நீட்டி, நுனியைக் கூராக்கி, கம்பியச்சின் துளைக்குள் விட்டு மறுபுறம் குறடால் இழுப்பார்கள். பெரிய துளை, அதைவிடச் சற்றுச் சிறிய துளை, பிறகு இன்னும் சிறியது என்று இறங்கிக்கொண்டே போகும். ஒரே தாவில் சிறிய துளைக்குப் போக முடியாது. மெலிந்து வெளியே வரும் கம்பிதான் இழுவிசை முழுவதையும் தாங்க வேண்டும். ஒரே துளையில் அதிகம் மெலித்தால் அதுவே அறுந்துவிடும். மெதுவாகக் குறைத்தால், வெளியே வரும் கம்பி மெலிந்ததோடு இறுகியும் இருப்பதால் தாக்குப்பிடிக்கும்.

இழுக்கும்போது உலோகத்தின் கனஅளவு மாறாது. விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்கு. 1 கிராம் தங்கத்தை 2 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்க முடியும் என்பார்கள். கணக்குப் போட்டால் அந்தக் கம்பியின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்குகூட வராது. தலைமுடியைவிடப் பத்து மடங்கு மெல்லியது.

கம்பியச்சு புழக்கத்துக்கு வருமுன்பே கம்பி நகைகள் இருந்தன. மெசப்பொட்டேமியாவின் 'ஊர்' என்னும் நகரத்து அரச கல்லறைகளில் கி.மு. 2500-ஐ ஒட்டிய காலத்துப் பொன் கம்பி வேலைகள் கிடைத்திருக்கின்றன. பழங்காலப் பொற்கொல்லர்கள் பலர் தகட்டிலிருந்து மெல்லிய நாடாவை வெட்டி, அதை முறுக்கி, இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு நடுவே உருட்டிக் கம்பியாக்கினார்கள். அப்படிச் செய்த கம்பியின்மேல் திருகு வடிவில் ஒரு மெல்லிய தையல் கோடு ஓடும். துளைவழி இழுத்த கம்பியிலோ கீறல்கள் நெடுக்காக, நேர்கோட்டில் இருக்கும். பழைய நகை என்று விற்க வரும் போலிகளை நிபுணர்கள் பிரித்தறியும் வழிகளில் இதுவும் ஒன்று. கம்பியச்சைப் பற்றித் தெளிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர், 12-ஆம் நூற்றாண்டில் கைவினைகளைப் பற்றி லத்தீனில் நூல் எழுதிய தியோஃபிலஸ் என்னும் துறவி.

சுருளும் அதன் முரண்டும்

கம்பி நகையின் அரிச்சுவடி சுருள்தான். வட்டமூக்குக் குறடின் நுனியில் கம்பி முனையைக் கவ்வி ஒரு சின்ன வளையம் போட வேண்டும். பிறகு அந்த வளையத்தைத் தட்டைமூக்குக் குறடில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, மீதிக் கம்பியை அதன் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போக வேண்டும்.

இதில் நடு வளையம்தான் கடினம். அங்கே வளைவு மிகக் கூர்மையானது. உலோகம் உச்சபட்சமாக நீள்வதும் அங்கேதான். இறுகிய கம்பியானால் அந்த இடத்தில் தோல் வெடிக்கும். வெளியே போகப் போக வளைவு தளர்ந்து வேலை எளிதாகும்.

எவ்வளவு கம்பி வெட்டி வைத்துக்கொள்வது? சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சுருளுக்கு ஒரு எளிய வழி உண்டு. சுற்று எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, கம்பியின் தடிமனாலும் 3.14 ஆலும் பெருக்குங்கள். 1 மி.மீ. கம்பியில் நான்கு சுற்றுக்குச் சுமார் 5 செ.மீ. போதும். எட்டுச் சுற்று வேண்டுமானால் 10 செ.மீ. போதாது, 20 செ.மீ. வேண்டும். சுற்று இரட்டித்தால் கம்பி நான்கு மடங்கு. காதுக்கு இரண்டு தொங்கட்டான் செய்யக் கம்பி வெட்டியவர்கள் பாதியில் தவித்து நிற்பது இந்த இடத்தில்தான்.

அடுத்தது கம்பியின் முரண்டு. வளைத்துவிட்டுக் கையை எடுத்ததும் கம்பி கொஞ்சம் பின்வாங்கும். வளைவில் ஒரு பகுதி நிரந்தரமானது. இன்னொரு பகுதி அணுப் பிணைப்புகள் சற்றே நீண்டதால் வந்தது. விசை நீங்கியதும் அந்த இரண்டாவது பகுதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. கம்பி எவ்வளவு இறுக்கமோ, வளையம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பின்வாங்கல் கூடும். கம்பி தடிக்கத் தடிக்கக் குறையும்.

இறுகிய 1 மி.மீ. செம்புக் கம்பியைத் தோராயமாகக் கணக்கிட்டால், 4 மி.மீ. விட்ட வளையத்தில் பின்வாங்கல் 2 சதவீதத்துக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. அதே கம்பியை 20 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றினால் 8 சதவீதத்துக்கு மேல் பின்வாங்கும். கையை எடுத்ததும் வளையம் ஏறத்தாழ 22 மி.மீ. ஆகிவிடும். சின்னக் கொக்கிகள் சொன்னபடி கேட்பதும், பெரிய வளையக் கம்மல்கள் விரிந்துகொண்டே போவதும் இதனால்தான். தேவையைவிடச் சிறிய உருளையில் சுற்று என்பது பட்டறைப் பாடம். எவ்வளவு சிறியது என்பதைக் கம்பியின் இறுக்கம் சொல்லும்.

நெருப்பு செய்யும் வேலை

கம்பியை வளைக்கவும் இழுக்கவும் நாம் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. சிறு பங்கு மட்டும் இடப்பிறழ்வுச் சிக்கலாக உலோகத்துக்குள் தங்குகிறது. அந்தப் பங்கை 1934-ல் அதே டெய்லரும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்த குவின்னியும் அளந்தார்கள். பத்தில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. இந்தத் தேங்கிய ஆற்றல்தான் கம்பியை மீண்டும் இளக்க வழிவிடுகிறது. சூடேற்றினால் அணுக்கள் இடம்மாறும் அளவுக்குத் துடிப்புப் பெறும். சிக்கலான பழைய படிகங்களின் நடுவே சிக்கலற்ற புதிய படிகங்கள் முளைத்து, பழையவற்றைத் தின்று வளரும். கம்பியின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் புதிதாகப் பிறந்துவிடும்.

வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில், தங்கம் 1,064-ல், செம்பு 1,085-ல். இளக்குவதற்கு அவ்வளவு போக வேண்டியதில்லை. நகைக்குப் பயன்படும் 92.5 வெள்ளிக்கு 650 டிகிரி வாக்கில் போதும். அந்தச் சூட்டில் உலோகம் மங்கிய சிவப்பாகத் தெரியும். வெயில் வெளிச்சத்தில் அந்த மங்கல் கண்ணில் படாது. தெரியும்போது சூடு எல்லை தாண்டியிருக்கும். கம்பியை இளக்கும் மூலை வெளிச்சம் குறைந்ததாக இருப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

அதிகம் சுட்டால் என்ன? புதிய படிகங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகிவிடும். படிகம் பெரிதானால் உலோகம் அளவுக்கு மீறித் தளரும். வளைக்கும்போது வெளிப்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சொரசொரக்கும். எவ்வளவு மெருகேற்றினாலும் அது எளிதில் போகாது.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும் என்பது நமக்குப் பழகிய விஷயம். சுத்தச் செம்பும் வெள்ளியும் அப்படி இறுகுவதில்லை. சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டாலும் இளக்கம் அப்படியே இருக்கும். எஃகின் இறுக்கம் அதிலுள்ள கரியும் அணு அடுக்கு மாறுவதும் சேர்ந்து தருவது. செம்பில் அப்படியொரு மாற்றம் கிடையாது. சுட்ட செம்பின்மேல் படியும் கருப்பு செம்பு ஆக்சைடு. புளிக்கரைசலில் ஊறவைத்தால் புளியின் அமிலத்தில் அது கரைந்து போகும். பூஜைச் சொம்பைப் புளி போட்டு விளக்கும்போது நடப்பதும் இந்த வேதிவினைதான்.

சுத்தியலும் முறுக்கும்

வடிவம் வந்துவிட்டது. இனி அதை இறுக்க வேண்டும். இதற்குச் சுத்தியலைவிடச் சிறந்த கருவி இல்லை. கொக்கியின் வளைந்த பகுதியைப் பட்டடையில் படுக்கவைத்து லேசாகத் தட்டினால் இரண்டு பலன்கள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. ஒன்று, உள்ளே இடப்பிறழ்வுகள் பெருகி இறுக்கம் ஏறும். மற்றொன்று வடிவக் கணக்கு. 1 மி.மீ. உருண்டைக் கம்பி, நீளம் மாறாமல் 0.6 மி.மீ. தட்டையானால், அகலம் 1.3 மி.மீ. ஆகும். கொக்கி விரிவது அந்த அகலத்தின் திசையில்தான். அந்தத் திசையில் விறைப்பு அகலத்தின் மும்மடிப்படி கூடும். ஒரு மில்லிகிராம் உலோகம்கூடச் சேர்க்காமல் கொக்கி விரிய மறுக்கும் தன்மை இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. பக்கவாட்டில் மட்டும் விறைப்பு பாதியாகும். கொக்கிக்கு அந்தப் பக்கம் பெரிய சுமை இல்லை.

இதைக் கலையாகவே ஆக்கிக்கொண்டவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976). காற்றில் அசையும் தொங்கு சிற்பங்களுக்குப் பேர்போன இவர், சுமார் 1,800 நகைகளும் செய்திருக்கிறார். பித்தளை, வெள்ளிக் கம்பிகளைப் பெரிய சுருள்களாக வளைத்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்குவது இவருடைய பாணி. பெரும்பாலும் பற்றவைக்கமாட்டார், ஆணி அறைந்தோ கம்பி சுற்றியோ பிணைப்பார். பற்றவைப்பதைத் தவிர்த்ததால் அவருடைய பெரும்பாலான நகைகள் அந்த நெருப்பைக் காணவில்லை. சுத்தியல் தந்த இறுக்கம் முழுவதும் அவற்றில் தங்கிவிட்டது. 1955-ல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத் வந்து தங்கியும் அவர் வேலை செய்திருக்கிறார்.

சுத்தியலால் தட்ட முடியாத இடமும் உண்டு. கம்மலின் தண்டு உருண்டையாகவே இருக்க வேண்டும். தட்டினால் காதில் நுழையாது. அதற்கு முறுக்கு. தண்டின் நுனியைக் குறடால் பிடித்து, அச்சிலேயே இரண்டு சுற்றுத் திருகிவிட்டால் தடிமன் மாறாமலே தண்டு விறைத்துவிடும். முறுக்கும்போது மேற்பரப்புதான் அதிகம் நழுவுகிறது. கம்பி வளைவதைத் தடுக்க அதிகம் உழைப்பதும் மேற்பரப்புதான். தேவையான இடத்திலேயே இறுக்கம் ஏறுகிறது.

உருகும் நுனியும் கட்டக்கின் வெள்ளியும்

கம்பியின் நுனியில் மணி போன்ற தலை வேண்டுமானால் எதையும் ஒட்டவைக்கத் தேவையில்லை. சுத்த வெள்ளிக் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து, கீழ்நுனியைச் சுவாலையில் காட்டினால் நுனி உருகி, தானாகவே உருண்டுகொண்டு மேலேறும். உருகிய வெள்ளியின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப்போல் சுமார் 12 மடங்கு. அந்த அளவில் புவியீர்ப்பால் துளியைக் கீழே இழுத்துப் போட முடிவதில்லை. 0.8 மி.மீ. கம்பியில் 1.6 மி.மீ. மணி வேண்டுமென்றால் 4 மி.மீ.க்குச் சற்று மேல் கம்பி கரையும். அதைக் கணக்கில் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதும் இதே பரப்பு இழுவிசையின் வேலைதான். நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவையைப் பொடியாக்கி இணைப்பில் வைக்கிறார் ஆசாரி. வெங்காரம் உருகிப் படர்ந்து ஆக்சைடைக் கரைத்து, உலோகப் பரப்பைச் சுத்தமாக்கித் தருகிறது. உருகிய பொடி அந்தப் பரப்பை நனைத்துக்கொண்டு, கம்பிகள் நெருங்கித் தொடும் இடுக்குக்குள் தானே ஓடும். இடைவெளி குறுகக் குறுக இழுப்பு அதிகம். அகன்ற இடைவெளியை அது நிரப்பாது. கம்பிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் எவ்வளவு பொடி வைத்தும் பயனில்லை.

ஒடிசாவின் கட்டக் நகரத்து தாரகாசி வேலை இந்த அறிவியல் முழுவதையும் ஒரே நகையில் காட்டும். 2024-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. தெலங்கானாவின் கரீம்நகரிலும் இதே குடும்பத்து வெள்ளிச் சரிகை வேலை நடக்கிறது. தடித்த கம்பியில் இலை, பூ, மயில் என்று ஒரு சட்டம் கட்டுகிறார்கள். முடி போன்ற இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கித் தட்டையாக்கி, அந்த நாடாவைச் சுருள்களாக்கிச் சட்டத்துக்குள் நெருக்கி அடைக்கிறார்கள். முறுக்கித் தட்டிய கம்பியின் விளிம்பு சீரான பற்களாகத் தெரியும். தாரகாசியின் மினுமினுப்பு அந்தப் பற்களில் ஒளி சிதறுவதால் வருவது.

இங்கே ஒரு சிக்கல். கடைசியில் பொடி வைத்து ஊதும்போது நகை முழுவதும் சூடேறும். முறுக்கியும் தட்டியும் ஏற்றிய இறுக்கம் அத்தனையும் அந்தச் சூட்டில் கரைந்துபோகும். கம்பிகள் மீண்டும் மெழுகு பதத்துக்கு வந்துவிடும். அப்படியும் நகை நசுங்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒவ்வொரு சுருளும் பக்கத்துச் சுருளைத் தாங்குகிறது. எல்லாவற்றையும் சட்டம் தாங்குகிறது. உலோகம் கைவிட்ட இடத்தை வடிவமைப்பு பிடித்துக்கொள்கிறது.

மழைக்காலத்தில் வெடித்த பித்தளை

இறுக்கத்தை ஏற்றிவிட்டு அப்படியே விடுவதிலும் ஆபத்து உண்டு என்பதைப் பித்தளை கற்றுக்கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் இருந்த படைகளின் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலங்களில் யாரும் தொடாமலே வெடித்து விரிசல் விட்டன. பருவத்துக்குப் பருவம் வந்ததால் இதைப் 'பருவ விரிசல்' என்றே அழைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களுக்கு அருகே சேமித்திருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா மழைக்கால ஈரத்தில் கரைந்து பித்தளைமேல் படிந்தது. உறையை உருவாக்கும்போது உள்ளே அடைபட்ட தகைவும் அமோனியாவும் சேர்ந்து படிக எல்லைகள் வழியே உலோகத்தைப் பிளந்தன. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் இதை விளக்கினார்கள். தீர்வு எளியது: 200 முதல் 300 டிகிரிவரை சூடேற்றினால் இறுக்கம் பெரிதாகக் குறையாமலே உள்தகைவு மட்டும் தளர்ந்துவிடும்.

பித்தளைக் கம்பியில் வளையலும் கம்மலும் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். இறுக வளைத்த பித்தளை நகையை அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களால் துடைக்கக் கூடாது.

வரிசையே வித்தை

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால், கம்பி நகையில் கைத்திறனுக்கு இணையாக வேலைகளின் வரிசையும் முக்கியம் என்பது தெரியும். இளக்குவது, கூர்மையான வளைவை முதலில் போடுவது, பற்றவைக்க வேண்டியதைப் பற்றவைத்துவிடுவது, தட்டியும் முறுக்கியும் இறுக்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது. இந்த வரிசையில் ஒன்றை மாற்றினாலும் அழகான நகை கிடைக்கலாம். நிலைக்கும் நகை கிடைப்பது அரிது. இடப்பிறழ்வு என்ற பெயரைக் கேட்டிராத பொற்கொல்லர்கள் பல நூறு ஆண்டுகளாக இதே வரிசையில் வேலை செய்து வந்திருக்கிறார்கள். அறிவியல் பின்னால் வந்து காரணம் மட்டும் சொல்லியிருக்கிறது.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஹார்டுவேர் கடையில் எர்த்திங்குக்கு விற்கும், எனாமல் பூசாத 1 மி.மீ. செம்புக் கம்பி கொஞ்சம் வாங்குங்கள். ஒரு துண்டைக் குறடால் பிடித்து அடுப்புச் சுவாலையில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி, தண்ணீரில் போட்டு எடுங்கள். மற்றொரு துண்டைச் சுடாமல், முதலில் சுத்தியலால் தட்டி உருட்டிக்கொள்ளுங்கள். இரண்டிலும் நான்கு சுற்றுச் சுருள் போட்டுப் பாருங்கள். எந்தத் துண்டு சுட்டது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே விரல் சொல்லிவிடும். எனாமல் பூசிய மோட்டார் கம்பியை மட்டும் சுட வேண்டாம். அந்தப் புகை நஞ்சு.